காதலர்களை விடுங்கள், தோழியைப் பிடியுங்கள்

பொங்கல் விழா, முளைப்பாரி, மாதா கோயில் திருவிழா என்று எது வந்தாலும் எங்கள் பக்கம் பட்டிமன்றம் இல்லாமல் முடியாது. தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரை கடலோரமாக எந்த ஊரில் மேடை போட்டாலும் "காதலா, கடமையா?" என்ற தலைப்பு சுற்றிச் சுற்றி வந்துவிடும். நான் இந்தக் கரையில் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவள். போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதும், மேடையேறப் போகிற பெரியவர்கள் "நாலு பாயிண்ட் எடுத்துக் குடுங்க டீச்சர்" என்று வந்து நிற்கும்போது எடுத்துக் கொடுப்பதும் என் தலையில் விழுந்த வேலை.

இரண்டு காதல் கதையை ஒப்பிட்டு அவர்கள் எழுதிக்கொண்டு வரும் தாள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "இவர்களும் மறைந்து காதலித்தார்கள், அவர்களும் மறைந்து காதலித்தார்கள். இவர்களுக்கும் கடமை குறுக்கே வந்தது, அவர்களுக்கும் வந்தது. இவர்களும் பிரிந்தார்கள், அவர்களும் பிரிந்தார்கள்." படித்து முடித்தால் "சரி, அதுக்கு இப்ப என்ன?" என்று கேட்கத் தோன்றும். ஒற்றுமை எல்லாம் உண்மைதான். ஆனால் எந்த இரண்டு காதல் கதைக்கும் இதையே சொல்லிவிடலாமே.

காதலர்கள் எல்லாக் கதையிலும் ஏறக்குறைய ஒரே ஆட்கள்தான். தூங்க மாட்டார்கள், நிலவைத் திட்டுவார்கள், அடுத்த தடவை எப்போது பார்ப்போம் என்று கேட்பார்கள். கதைக்குக் கதை மாறுவது அந்த ரகசியம் தெரிந்த மூன்றாவது ஆள். ஒப்பீட்டை அங்கே தொடங்கினால் நீங்கள் சொல்வதற்கு ஏதாவது கிடைக்கும். எப்படி என்று, நான் பிள்ளைகளிடம் சொல்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில், எந்த இரண்டு கதை என்பது. முடிவு ஒன்றாக இருக்கிறதே என்று சேர்க்காதீர்கள். இரண்டு பேரும் செத்துப்போனார்கள் என்பதற்காக அம்பிகாபதியையும் ரோமியோவையும் ஒரே கயிற்றில் கட்டினால் சாவைத் தவிரப் பேச ஒன்றும் மிஞ்சாது. முடிச்சு ஒன்றாக இருக்க வேண்டும். ஊரும் காலமும் முடிந்தவரை தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். நற்றிணையும் ரோமியோவின் ஊரான வெரோனாவும் சேர்ந்தால் பேச்சு களைகட்டும். சினிமா ஜோடிகளை எடுக்க வேண்டாம் என்பேன். படம் மோசம் என்பதற்காக அல்ல. பெயரைச் சொன்னதும் கேட்பவர்கள் நடிகரின் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள், நீங்கள் சொல்வது காதில் ஏறாது.

எந்தக் கதையின் எந்த வடிவம் என்பதிலும் உறுதியாக இருங்கள். சகுந்தலை என்றால் மகாபாரதத்துச் சகுந்தலையா, காளிதாசன் நாடகத்துச் சகுந்தலையா? பாரதத்தில், துஷ்யந்தன் அவளை மறந்துபோகும்படி துர்வாசர் இடும் சாபமும் கிடையாது, மோதிரமும் கிடையாது. துஷ்யந்தனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. நினைவிருந்தும் சபையில் தெரியாதவன்போலப் பேசுகிறான். அசரீரி வந்து சொன்ன பிறகு, இவள் சொல்லை மட்டும் நம்பி ஏற்றிருந்தால் உலகம் சந்தேகப்பட்டிருக்கும் என்கிறான். ஊர்வாய்க்குப் பயந்த ராஜா. காளிதாசன் அந்தப் பழியை அவன்மேலிருந்து எடுத்துச் சாபத்தின்மேல் வைத்துவிட்டான். இரண்டையும் கலந்து பேசினால் முன்வரிசையில் இருக்கும் தமிழையா ஒருவர் கண்டிப்பாக எழுந்து நிற்பார்.

கடமை யாருடையது?

பிள்ளைகளிடம் கடமை என்று சொன்னால் உடனே நாடு, அரியணை, போர் என்று எழுதுவார்கள். அதனால் முதலில் நற்றிணை 45ஆம் பாட்டைக் கொடுப்பேன். கொடி பறக்கிற கடைவீதி உள்ள மூதூர்ச் செல்வனின் மகன் வந்து நிற்கிறான். அவளோ கடற்கரைச் சிறுகுடியில், நீலக் கடல் கலங்க உள்ளே போய் மீன் பிடிக்கும் பரதவர் மகள். தோழி குறுக்கே நின்று சொல்கிறாள்: கொழுத்த சுறாவை அறுத்துக் காயப்போட்டிருக்கிறோம், பறவை வராமல் ஓட்டிக்கொண்டிருக்கிறோம், எங்களுக்கு அழகு என்ன வேண்டிக்கிடக்கிறது, "புலவு நாறுதும் செல நின்றீமோ". எங்கள்மேல் மீன் வாடை அடிக்கும், தள்ளி நில்லுங்கள்.

வகுப்பில் இதை வாசித்ததும் எப்போதும் சிரிப்பு வரும். ஒரு தடவை சிரிப்பு அடங்கியதும் பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "டீச்சர், அவ எந்திரிச்சு அவன்கூடப் பேசப் போயிட்டா சுறாவ யாரு பாக்குறது?"

கேள்வி கேட்டவளே விளக்கமும் சொன்னாள். சுறாவைக் கீறி உப்பு வைப்பார்கள். உப்பு பிடித்ததும் கழுவி, பழைய வலையை மணலில் விரித்து அதன்மேல் பரத்துவார்கள். மேல்பக்கம் காய்ந்ததும் புரட்ட வேண்டும். காக்கைக்கும் பருந்துக்கும் கண் அசந்தால் போதும். மேகம் கறுத்தால் ஓடிப்போய் அள்ள வேண்டும். தூறல் பட்ட கருவாட்டில் புழு வைத்துவிடும், வியாபாரி கையில் எடுத்துப் பார்த்ததுமே விலையைப் பாதியாக்குவார். அவள் அம்மா தினமும் செய்கிற வேலை. "ஒரு நா விட்டா அந்த வாரச் செலவு போச்சு டீச்சர்" என்று முடித்தாள்.

அந்தப் பாட்டின் கடமை அதுதான். அரியணை இல்லை, கருவாட்டுக்குக் காவல். அந்தக் கடமையை யாரும் அவளுக்கு ஆணையாகப் போடவில்லை. அதில்தான் சோறு இருக்கிறது.

ஆகவே இரண்டாவது வேலை: இரண்டு கதைக்கும் கடமையை ஒரே வரியில் எழுதுங்கள். "கடமை குறுக்கிட்டது" என்று எழுதக்கூடாது. யார், யாருக்கு, எதை, ஏன் செய்ய வேண்டும் என்று வரவேண்டும். வெர்டியின் 'ஐடா' இசைநாடகத்தைப் பாருங்கள், 1871இல் கெய்ரோவில் முதன்முதலாக மேடையேறியது. ராடமேஸ் எகிப்தியப் படைத்தலைவன். அவன் மறைவாகக் காதலிக்கும் ஐடா அரண்மனையில் அடிமை, ஆனால் உண்மையில் எதிரி நாட்டு ராஜாவின் மகள். அவன் கடமை அரசு கொடுத்தது. அதைவிட்டு அவன் ஓடிப்போக முடியும், ஓடவும் நினைக்கிறான். அவள் கடமை பிறப்பில் வந்தது. எங்கே ஓடினாலும் அப்பா அப்பாதான். ஒரே கதைக்குள்ளேயே இரண்டு பேருக்கும் இரண்டு விதக் கடமை. கல்கியின் 'சிவகாமியின் சபதம்' நாவலில் இன்னொரு விதம்: சிவகாமி தன் வாயாலேயே தனக்குப் போட்டுக்கொண்ட கடமை. தன்னைச் சிறைகொண்டுபோன வாதாபியை எரித்து, காதலன் மாமல்லர் கைப்பிடித்து அழைத்துப்போகும்வரை அந்த ஊரைவிட்டு நகரமாட்டேன் என்று சபதம் செய்கிறாள். இடையில் அவனே மாறுவேடத்தில் வந்து கூப்பிட்டும் போகவில்லை. பிறப்பில் வந்த கடமையையும் நாம் வாய்திறந்து ஏற்ற சபதத்தையும் ஒன்றுபோல எடைபோட்டால் சிவகாமிக்கும் ஐடாவுக்கும் நியாயம் கிடைக்காது.

நற்றிணைப் பாட்டைப் பற்றி இன்னொன்று. கைடு புத்தகத்தைப் பார்த்து "ஏழைப் பெண்ணின் தாழ்வு மனப்பான்மை" என்று யாராவது எழுதிவந்தால் சிவப்பு மையால் அடித்துவிடுவேன். அந்தப் பாட்டு முடிவது "எம்மனோரில் செம்மலும் உடைத்தே" என்று. எங்கள் ஆட்களிலும் பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள், நீ கிளம்பு என்று அர்த்தம். மீன்கூடையைப் பார்த்ததும் பஸ்ஸில் மூக்கைப் பொத்துகிறவர்களைக் கண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த ரோஷத்தை விளக்க வேண்டியதே இல்லை.

யாருக்குத் தெரியும்?

இப்போது ஒரு வெள்ளைத்தாள். நடுவில் கோடு. ஒரு பக்கம் காதல் தெரிந்தவர்கள், மறுபக்கம் தெரியாதவர்கள். தெரியவந்தவர்களுக்கு எப்போது, யார் வழியாகத் தெரிந்தது என்று பெயருக்குப் பக்கத்தில் குறியுங்கள். மற்ற எல்லாவற்றையும் விட்டாலும் இதை விடாதீர்கள்.

ரோமியோ ஜூலியட்டுக்கு இந்தத் தாளைப் போட்டால், தெரிந்தவர்கள் பக்கம் ஜூலியட்டின் வளர்ப்புத்தாயும் லாரன்ஸ் பாதிரியாரும் வருவார்கள். தெரியாதவர்கள் பக்கம் மெர்குஷியோ. ரோமியோவின் உயிர்த் தோழன் அவன். நண்பனுக்குக் கல்யாணம் முடிந்தது அவனுக்குத் தெரியாது. ஜூலியட்டின் உறவினன் டைபால்ட் வம்புக்கு இழுக்கிறான், ரோமியோ சண்டைக்குப் போகாமல் பணிந்து பேசுகிறான். டைபால்ட் இப்போது மைத்துனன் ஆயிற்றே. இது தெரியாத மெர்குஷியோவுக்கு நண்பன் கோழையாகிவிட்டதாகத் தோன்றுகிறது, அவனே வாளை உருவுகிறான், குத்துப்பட்டுச் சாகிறான். இரண்டு வீட்டுப் பகை அவனைக் கொன்றது என்று எல்லோரும் எழுதுவார்கள். தாளில் எழுதிப் பார்த்தால், அவனிடம் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தையும் சேர்ந்து கொன்றது தெரியும்.

தெரிந்தவர்கள் பக்கத்தில் மனிதர்களை மட்டும் எழுத வேண்டும் என்பதில்லை. குறுந்தொகை 25இல் கபிலர் பாடும் தலைவிக்குச் சாட்சி ஒரு குருகு. அவன் என்னைக் கூடிய அன்று யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான், அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள். அப்புறம் நினைத்துக்கொண்டவள்போல, தினைத்தாள் மாதிரி மெல்லிய கால்களோடு ஓடும் தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகும் நின்றது என்கிறாள். அந்தக் கொக்கின் கண் முழுக்க மீன்மேல் இருந்தது. எங்கள் ஊர்க் கழிமுகத்தில் நிற்கிற கொக்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் படகு கவிழ்ந்தாலும் அது திரும்பாது. சாட்சி இருந்தும் இல்லாத மாதிரி.

இதோடு காளிதாசனின் மோதிரத்தை வைத்துப் பாருங்கள். சகுந்தலையின் ரகசிய மணத்துக்கு அந்த மோதிரம்தான் சாட்சி. அது தீர்த்தத்தில் நழுவி மீன் வயிற்றுக்குள் போய்விடுகிறது. சபையில் அவன் தெரியாது என்கிறான், அவள் விரலைத் தொட்டுப் பார்க்கிறாள், மோதிரம் இல்லை. ஒரு சாட்சி மீனைப் பார்த்து நின்றது, இன்னொரு சாட்சியை மீன் விழுங்கியது. இரண்டு பெண்களும் கேட்பது ஒரே கேள்வி: அவன் இல்லை என்று சொல்லிவிட்டால் எனக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? அவன் சத்திரியன், இவன் குறிஞ்சி நிலத்துத் தலைவன், அவள் ஆசிரமத்துப் பெண் என்றெல்லாம் வரிசைப்படுத்தினால் இது கண்ணில் படவே படாது.

நற்றிணை 172இல் சாட்சி ஒரு புன்னை மரம். தோழிகளோடு விளையாடும்போது மணலில் அழுத்திவிட்டு மறந்துபோன விதை முளைத்துவிட்டது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்தார்கள். உங்களைவிட இது சிறந்தது, உங்கள் தங்கை என்று அம்மா சொல்லியிருக்கிறாள். தங்கை பார்க்க உன்னோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறது, வேறு நிழல் இல்லாமலா போயிற்று என்று அவனிடம் சொல்கிறாள் தோழி. அம்மாவை ஒரு மரமாக்கிச் சந்திக்கும் இடத்திலேயே நிறுத்திவிட்டாள் பாருங்கள். (எங்கள் கரையில் இப்போது புன்னையைவிடச் சீமைக்கருவேலம்தான் அதிகம். அதன் அடியில் நின்று யாராலும் காதலிக்க முடியாது, முள் விடாது.)

தோழி என்ன செய்கிறாள்?

தாளைப் போட்டு முடித்ததும், தெரிந்தவர்கள் பக்கத்தில் முதல் பெயராக வருகிறவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேச்சின் பாதி நேரம் அவருக்குத்தான்.

சங்கப் பாட்டில் வருகிற தோழி சும்மா கூட நிற்கிறவள் இல்லை. முதலில் அவனை விரட்டுகிறாள், சோதிக்கிறாள். பிறகு சந்திக்க இடம் சொல்கிறாள். பகலில் வந்தால் ஊர் பார்க்கிறது என்கிறாள், இரவில் வந்தால் வழியில் யானையும் பாம்பும் முதலையும் என்கிறாள். எந்த நேரமும் சரியில்லை என்றால் பெண்கேட்டு வா என்று பொருள். இலக்கணத்தில் இதற்கு வரைவு கடாதல் என்று பெயர். அவன் அசையாவிட்டால், வீட்டில் அவளை வெளியே விடாமல் வைத்துவிட்டால், கடைசி வேலையையும் அவளே செய்கிறாள்: உண்மையை வீட்டில் உடைக்கிறாள். அறத்தொடு நிற்றல். தலைவி தோழியிடம், தோழி வளர்த்த தாயான செவிலியிடம், செவிலி பெற்ற தாயான நற்றாயிடம், நற்றாய் தந்தையிடமும் தமையன்மாரிடமும் என்று படிப்படியாகச் செய்தி ஏறும்.

அதை எப்படி உடைக்கிறாள் என்பதற்குக் குறுந்தொகை 23 போதும். ஔவையார் பாட்டு. பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வீட்டார் குறி சொல்கிற கட்டுவிச்சியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் மலைகளைப் பாடிக்கொண்டே வருகிறாள். காதலனின் மலை வந்ததும் தோழி குறுக்கிட்டு, அகவன் மகளே, அந்தப் பாட்டை இன்னொரு தரம் பாடு, "அவர் நன்னெடுங் குன்றம் பாடிய பாட்டே" என்கிறாள். 'அவர்' என்ற ஒரு சொல்தான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் செவிலிக்கு எல்லாம் விளங்கிவிடும். காதலையும் காட்டிக் கொடுக்கவில்லை, வீட்டுக்கும் பொய் சொல்லவில்லை. களவு என்கிற மறைந்த காதல், கற்பு என்கிற மணவாழ்க்கை இரண்டுக்கும் தொல்காப்பியம் பொருளதிகாரத்தில் தனித்தனி இயல் வைத்திருக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கதையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவள் பெரும்பாலும் இந்தத் தோழிதான்.

இனி ஜூலியட்டின் வளர்ப்புத்தாயைப் பக்கத்தில் நிறுத்துங்கள். தொடக்கத்தில் அவளும் இதே வேலைகளைத்தான் பார்க்கிறாள். தூது போகிறாள், நூலேணி கொண்டுவருகிறாள். ஆனால் ரோமியோ நாடுகடத்தப்பட்டதும், வீட்டில் பாரிஸ் என்பவனுக்குக் கட்டிவைக்கத் துடிக்கும்போது, சரி, பாரிஸையே கட்டிக்கொள், அவன் நல்ல மாப்பிள்ளை என்று சொல்லிவிடுகிறாள். உண்மையை வீட்டில் உடைக்க வேண்டிய நேரத்தில் உண்மையைப் புதைக்கச் சொல்கிறாள். அந்த நிமிடத்தோடு ஜூலியட் அவளிடம் மனம்விட்டுப் பேசுவதை நிறுத்திக்கொள்கிறாள். அப்புறம் மிஞ்சுவது பாதிரியாரும், செத்ததுபோலத் தூங்கவைக்கும் அவருடைய மருந்தும், ரோமியோவுக்கு ஒரு கடிதமும். கடிதம் கொண்டுபோனவரைக் கொள்ளைநோய்ப் பயத்தில் ஒரு வீட்டுக்குள் அடைத்துவிட, அதுவும் போய்ச் சேரவில்லை. வளர்ப்புத்தாய் ஒரே ஒரு தரம் அறத்தொடு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மேடையில் கேட்டுப் பாருங்கள், கைதட்டு வரும். சும்மா கைதட்டுக்காகச் சொல்லவில்லை, இரண்டு கதையும் பிரிகிற இடமே அதுதான்.

சகுந்தலையின் தோழிகள் அனசூயையும் பிரியம்வதையும் இன்னொரு ரகம். துர்வாசர் சாபம் போட்டது இந்த இருவருக்கும் தெரியும், சகுந்தலைக்குத் தெரியாது. ஒருத்தி ஓடிப்போய் முனிவரைக் கெஞ்சி, அடையாளப் பொருளைக் காட்டினால் சாபம் தீரும் என்ற அளவுக்குக் குறைத்துக்கொண்டு வருகிறாள். வந்து, அவளுக்குச் சொல்ல வேண்டாம் என்று இரண்டு பேரும் முடிவெடுக்கிறார்கள். மல்லிகைக் கொடிக்கு யாராவது வெந்நீர் ஊற்றுவார்களா என்கிறாள் பிரியம்வதை. பாசத்தில் மறைத்தது. வழியனுப்பும்போதும், ராஜா அடையாளம் தெரியாமல் தயங்கினால் மோதிரத்தைக் காட்டு என்று மட்டும் சொல்லி அனுப்புகிறார்கள். விரலில் கிடப்பது எப்படிப்பட்ட பொருள் என்று தெரிந்திருந்தால் அவள் அதை அப்படித் தொலைத்திருப்பாளா?

ஐடாவுக்குத் தோழியே கிடையாது. அந்த இடத்துக்கு ராடமேஸை விரும்பும் அரசகுமாரி அம்னேரிஸ் வருகிறாள். தோழிபோலப் பேசி, ராடமேஸ் போரில் இறந்துவிட்டான் என்று பொய் சொல்கிறாள். ஐடா அழுகிறாள். இல்லை, உயிரோடு இருக்கிறான் என்கிறாள் அம்னேரிஸ். ஐடாவின் முகம் மலர்கிறது. அவ்வளவுதான், ரகசியம் கைமாறிவிட்டது. எங்கள் தோழி கட்டுவிச்சியின் பாட்டில் ஒரு சொல்லைப் போட்டு ரகசியத்தைத் திறந்ததும் இப்படித்தான், சாமர்த்தியம் ஒன்றே. எதற்காகத் திறக்கிறாள் என்பதில்தான் இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கம். இந்த இரண்டு காட்சியையும் அடுத்தடுத்து வைத்துப் பேசுங்கள், இடையில் ஒப்புமை என்ற வார்த்தையைக்கூடச் சொல்ல வேண்டாம்.

கெடு எத்தனை நாள்?

இதை நீட்ட வேண்டாம், ஆனால் குறித்துக்கொள்ளுங்கள். ரகசியத்துக்கு ஒரு கெடு உண்டு. இறையனார் அகப்பொருள் என்ற இலக்கண நூல், களவொழுக்கம் இரண்டு மாதத்துக்குள் முடிந்துவிட வேண்டும் என்கிறது. வெரோனாவில் ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. சிவகாமி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறாள். கெடு குறையக் குறைய மூன்றாவது ஆளுக்கு யோசிக்க நேரம் இருக்காது. கூடக் கூட எல்லோரும் அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். இந்த இரண்டு மாதக் கணக்கை ஒரு மேடையில் சொன்னபோது, கீழே இருந்த பாட்டி ஒருவர் "நம்ம தடைக்காலம் மாதிரின்னு சொல்லு தாயீ" என்றார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. "ஆனா அப்பதான் அண்ணந்தம்பி எல்லாம் கரையில கெடப்பானுவ, களவு எங்குட்டு நடக்குறது?" என்று அவரே கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

யார் தலையில் விடிகிறது?

கடைசியில் நட்டம் யாருக்கு என்று பாருங்கள். பெண்ணுக்குத்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம், பாதிக்கு மேல் சரியாகவே இருக்கும். சிவகாமி திரும்பி வரும்போது மாமல்லருக்குப் பாண்டியன் மகளோடு திருமணமாகிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவள் ஏகாம்பரநாதர் முன்னால் தாலியைக் கட்டிக்கொள்கிறாள். ஆனால் அங்கேயே நிற்காதீர்கள். காதலுக்குச் சம்பந்தமே இல்லாத யார் அடிவாங்கினார் என்று தேடுங்கள்.

சகுந்தலை நாடகத்தில் அது ஒரு மீனவர். மீனை அறுத்தார், மோதிரம் இருந்தது, விற்கப் போனார், காவலர்கள் பிடித்துக்கொண்டார்கள். கையைக் கட்டி அடிக்கிறார்கள், ராஜமுத்திரை போட்ட மோதிரம் உனக்கு ஏதடா என்கிறார்கள். பிழைப்பு என்ன என்று கேட்டு, மீன்பிடிப்பு என்றதும் ஆகா என்ன சுத்தமான தொழில் என்று கிண்டல் செய்கிறார்கள். அதற்கு அவர், பழித்தாலும் பிறந்த தொழிலைக் கைவிடக்கூடாது என்கிறார். ராஜாவே கடமையில் தடுமாறும் நாடகத்தில் கடமையைப் பற்றித் தெளிவாகப் பேசுகிறவர் இவர்தான். ராஜா பரிசு கொடுத்தனுப்பியதும் அதே காவலர்கள் தோள்மேல் கைபோடுகிறார்கள், அவரும் பாதியை அவர்களுக்கே கொடுக்கிறார், எல்லோருமாகக் கள்ளுக்கடைக்குப் போகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இந்த நாடகத்தில் பிடித்த காட்சி இதுதான், துஷ்யந்தன் அழுவது இல்லை. மெர்குஷியோவையும் இந்த மீனவரையும் சேர்த்து வைத்து ஒருவர் பேச வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

மேடைக்குப் போகும்முன் சில்லறை விஷயங்கள். ஊரில் நடந்த காதலைத் தொடாதீர்கள், ஜாடையாகக்கூட வேண்டாம். நீங்கள் பேசிவிட்டுப் போய்விடுவீர்கள், அந்தப் பிள்ளை மறுநாள் தெருவில் நடக்க வேண்டும். ஐங்குறுநூற்றில் தொண்டிப்பத்து இருக்கிறது என்று கண்டதும் நம்ம தொண்டி என்று குதிக்க வேண்டாம். அது மேற்குக் கரையில் சேரர்களின் தொண்டி. பாட்டு வரியைச் சொல்லும்போது முழுப் பாட்டையும் ஒப்பிக்காமல் ஒரே வரியை மெதுவாக இரண்டு தரம் சொல்லி, உடனே உங்கள் வார்த்தையில் பொருளைச் சொல்லுங்கள். "புலவு நாறுதும்" மாதிரி வரி என்றால் ஒரு தரம் போதும். ஒப்புமை உடைகிற இடத்தை மறைக்காதீர்கள்: சங்கத் தோழி வெற்றி பெறுவதற்கு அந்த இலக்கண மரபு முழுக்க அவள் பக்கம் நிற்கிறது, ஜூலியட்டின் வளர்ப்புத்தாய் அந்த வீட்டில் சம்பளத்துக்கு இருப்பவள். இதைச் சொல்லாமல் அவளைத் திட்டினால் அது நியாயமில்லை. நேரம் ஐந்து நிமிடம்தான் என்றால் கெடுவை விடுங்கள், தேர்வு செய்த கதையை விளக்குவதை விடுங்கள், நேராகத் தோழியில் தொடங்குங்கள்.

பேசி முடித்ததும் ஒரு கேள்வி வரும், தயாராக இருங்கள்: "எல்லாருக்கும் தோழி பார்த்துக் குடுத்தா, தோழிக்குக் காதல் இல்லையா?" சங்க அகப்பாட்டில் தோழிக்கென்று தனிக் காதல் கதை கிடையாது என்பது நேர்மையான பதில். அதற்குமேல் கேட்டால் 'பொன்னியின் செல்வ'னுக்குப் போங்கள். கோடிக்கரைப் பூங்குழலி வந்தியத்தேவனைப் படகில் ஏற்றி ஈழத்துக்குக் கொண்டுபோய் விடுகிறாள். அடுத்தவர் காரியத்துக்குத் துடுப்புப் போடுகிறவள், அவள் மனசிலும் ஒருவன் இருக்கிறான், அவன் ராஜகுமாரன். மூன்றாவது ஆளே காதலியாகவும் இருந்தால் இந்தத் தாளை எப்படிப் போடுவது என்று என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறேன். பாதிப் பேர் பூங்குழலியை நடுக்கோட்டின்மேலேயே எழுதிக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.